சிறு ஆகாய விமானங்களில் சரக்கேற்றுதலின் வரவு செலவு

விளைபொருள்களை ஆகாய விமானத்தில் அனுப்பினால் அதிக லாபம் கிட்டுமா என்று மிராசுதார்கள் சிலர் கிராமக் கூட்டங்களில் என்னை வினவுவதுண்டு. சிற்றூர்களுக்கும் பெரிய விமானங்கள் நிற்கும் நகரங்களுக்கும் இடையே சரக்கைக் கொண்டு சேர்க்கும் சிறு விமானங்களின் கணக்கை அறிந்தாலன்றி இதற்கு விடை கூறுதல் இயலாது.

இவ்வேலைக்குப் பல தேசங்களிலும் வழங்கி வருவது, 1982-ல் முதன்முதல் பறந்த ஸெஸ்னா காரவான் என்னும் ஒற்றை இயந்திர விமானமாகும். இது ஏறக்குறைய 1,300 கிலோ சரக்குடன் மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் செல்லும். அதற்குச் சுமார் 190 லிட்டர் எண்ணெய் செலவாகும். அஃதாவது ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல அரை லிட்டர் வேண்டும். 10 டன் ஏற்றி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரிக்கோ இதில் இருபதில் ஒரு பங்கே போதும். விமானியின் சம்பளமும் இயந்திரப் பழுதுச் செலவும் வேறு. திரும்புகையில் விமானம் வெறுமையாய் வருமாயின் எண்ணெய்ச் செலவு ஏறக்குறைய இரட்டிக்கும். சந்தையிலிருந்து வெறும் வண்டியுடன் திரும்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இச்செலவைத் தாங்குபவர் தேசத்திற்குத் தேசம் வேறுபடுகின்றனர். அமெரிக்காவில் 1973-ல் மெம்பிஸ் நகரில் 14 சிறு ஜெட் விமானங்களுடன் தொழில் தொடங்கிய பெடரல் எக்ஸ்பிரஸ் கம்பெனியார், பின்னர் சிற்றூர்களுக்கென்று காரவான்களை வாங்கி, வேறு கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டு ஓட்டச் செய்தனர். காலையில் பொட்டலங்களைக் கொண்டு சேர்த்த விமானம் மாலையில் திரும்பும் வரை சும்மா நிற்கும். விலை குறைந்த விமானமாதலின் இது கட்டுகிறது. அங்கே கூலியைத் தாங்குவது மறுநாளே சரக்குச் சேரவேண்டுமென்னும் அவசரமே.

அலாஸ்காவில் சாலையற்ற கிராமங்களுக்கு மளிகைச் சரக்கு விமானத்தில் செல்கிறது. 1970-களில் தொடங்கிய ஏற்பாட்டின்படி தபால் இலாகா பார்சல் கட்டணம் மாத்திரம் பெற்று, விமானக் கம்பெனிகளுக்கு அதனினும் மிகுதியாகக் கொடுக்கிறது.

நாம் கருதற்குரியது பப்புவா நியூ கினியின் மலைநாடு. சாலையற்ற பள்ளத்தாக்குகளில் காப்பி பயிரிடும் குடியானவர்கள், புல்தரை ஓடுதளத்தின் ஓரத்தில் மூட்டைகளை அடுக்கி விமானத்திற்குக் காத்திருக்கின்றனர். கொரோகா போன்ற மலைநகரங்களில் கிடைக்கும் விலையில் விமானக் கூலி கழிந்து எஞ்சுவதே அவர்களுக்குரியது. வருகையில் அரிசியும் உப்பும் ஏற்றிவரும் விமானமாயின் கூலி இருவழியும் பகிர்ந்து விழும். ஆனால் காப்பி விலை சரிந்தால் கூலி உடன் சரிவதில்லை, மூட்டைகள் தங்கிவிடும். மழையில் தளம் சேறானாலும் அதே கதிதான். ஆகவே பல இடங்களில் தளத்தின் புல்லை வெட்டி வடிகாலைச் செப்பனிடும் வேலையை ஊராரே செய்கின்றனர்.

நமது தேசத்தில் 2020-ல் சர்க்கார் கிருஷி உடான் என்னும் திட்டத்தைத் தொடங்கினர். மதுரை மல்லிகை கடல் கடந்து விமானத்தில் செல்வதும் யாவரும் அறிந்ததே. எடை குறைந்து, விலை மிகுந்து, விரைவில் வாடும் பொருள் அக்கூலியைத் தாங்கும். நெல் தாங்காது. மேற்கூறிய சிறு விமானத்தில் 300 கிலோமீட்டர் அனுப்பினால் எண்ணெய் மாத்திரம் கிலோவுக்கு 150 மில்லி லிட்டர். வெறும் திரும்பலையும் சேர்த்தால் சுமார் 300. ஆகையால் தங்கள் பக்கத்தில் ஓடுதளம் வேண்டுமென்று மனு எழுதும் கிராம உத்தியோகஸ்தர்கள், அனுப்பும் சரக்குடன் திரும்பி வரும் சரக்கையும் மாதவாரியாக, எடையுடன் அதில் குறிப்பிடுதல் நலம்.