ஜெல் நகப்பூச்சு: விளக்கு மட்டுமா பிரச்சினை?

எங்கள் ஆசிரியர் கலாசாலையில் பயிலும் ஒருவர், தங்கையின் கலியாணம் முடிந்து வந்தபோது பத்து விரல் நுனிகளும் சிவந்து தோல் உரிந்திருந்தன. ஒன்லைனில் வாங்கிய ஜெல் செட்டைக் கொண்டு வீட்டிலேயே நகப்பூச்சுப் போட்டிருக்கிறார். "மெடம், அந்த லைட்டால கென்சர் வரும் எண்டு சொல்றாங்களே, உண்மையா?" என்று கேட்டார்.

ஜெல் சாதாரண கியூடெக்ஸ் போலக் காற்றில் காய்வதில்லை. விளக்கின் கழியூதா-ஏ கதிர் பட்டதும் அதிலுள்ள அக்ரிலேட் மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்து இறுகுகின்றன. எல்.ஈ.டி. விளக்கிலும் வருவது கழியூதா-ஏ கதிர்தான். 2023 இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களை இத்தகைய விளக்கின் கீழ் 20 நிமிடங்கள் வைத்தார்கள். 20 முதல் 30 சதவீதமானவை இறந்தன, டீ.என்.ஏ.யிலும் சேதம் காணப்பட்டது. ஆனால் அவை பாத்திரத்தில் இருந்த கலங்கள். நமது உயிர்க்கலங்களுக்கு மேலே இறந்த தோற்படை இருக்கிறது. கையும் விளக்கின் கீழ் ஒரு தடவைக்குச் சில நிமிடங்களே இருக்கும். மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. எப்போதாவது போடுபவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை என்பது என் கருத்து. என்றாலும் எஸ்.பி.எப். 30 சன் கிறீமை முன்கூட்டியே பூசலாம், அல்லது விரல் நுனி வெட்டிய கையுறை அணியலாம்.

அவருடைய விரல்களைக் கெடுத்தது விளக்கு அல்ல, ஒவ்வாமை. சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் உடல் அக்ரிலேட்டுக்கு எதிராகத் திரும்பிவிடும். ஒருமுறை திரும்பினால் பொதுவாக அது ஆயுளுக்கும் மாறாது. இதே குடும்பத்துப் பொருட்கள் பல் நிரப்பிகளிலும், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் பயன்படும் எலும்புச் சீமெந்திலும் உள்ளன. வீட்டு செட்டுகள் குறித்து பிரித்தானிய தோல் வைத்தியர் சங்கம் 2018 இலேயே எச்சரித்தது.

நம் பெண்களுக்கு இன்னொரு விடயமும் இருக்கிறது. வுழூவின் தண்ணீர் நகத்தில் படாது என்பதால் பலர் தொழுகை இல்லாத நாட்களில் மட்டும் போட்டு, குளிக்கும் நேரம் வந்ததும் அகற்றுகிறார்கள். கியூடெக்ஸ் நொடியில் போய்விடும். ஜெல்லை அசிட்டோனில் பத்து, பதினைந்து நிமிடங்கள் ஊறவைக்க வேண்டும். தொழுகை நேரம் போகிறதே என்ற அவசரத்தில் உரித்தெடுத்தால் நகத்தின் மேற்படையும் சேர்ந்து வரும். மாதம் ஒருமுறை என்றாலே வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை விளக்கு, பன்னிரண்டு தடவை அசிட்டோன்.

அவரைத் தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்பினேன். இனிப் பல் வைத்தியரிடம் போனாலும் இந்த ஒவ்வாமையை முதலில் சொல்ல வேண்டுமாம். வயது இருபத்து மூன்று.