ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த பிரேக் பேட்? ரேஸ் பேட் சிதம்பரம் ரோட்டுக்கு ஏன் ஆகாது?

2025 ஜனவரி 7. துபாய் ஆட்டோட்ரோமில் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சி. அஜித்குமார் ஓட்டிய போர்ஷே கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்ற வீடியோவை நம்மில் பலர் பத்து தடவையாவது பார்த்திருப்போம். நல்லவேளை, அவருக்குக் காயமில்லை. பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவருடைய அணி பிறகு அறிக்கை விட்டது. அந்த வார இறுதியிலேயே அணி 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது தனிக்கதை.

போர்ஷே வாங்குவதெல்லாம் அப்புறம். ஐ20 என் லைன், பழைய போலோ ஜிடி, ரீமேப் செய்த ஸ்விஃப்ட் என்று கொஞ்சம் வேகமான கார் வைத்திருப்பவர்கள் இப்போது சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள். பேட் தேய்ந்து மாற்றும் நேரம் வரும்போது எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: ‘‘ரேஸ் பேடே போட்டுடலாமா ப்ரோ?’’

வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பிரேக் என்பது சூடு

பிரேக் காரை நிறுத்துவதில்லை. காரின் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. 1,400 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 540 கிலோஜூல் ஆற்றல் வெளியாகிறது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரை 1.8 லிட்டர் அளவுக்குக் கொதி நிலைக்குக் கொண்டுவர இது போதும். இவ்வளவும் நான்கே விநாடிகளில், உள்ளங்கை அகலமுள்ள பேட்களுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நடக்கிறது. அதே கார் 140-ல் வந்தால் சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகம் 40 சதவீதம்தான் கூடியது, சூடு அப்படிக் கூடுவதில்லை.

சூடு எல்லை மீறினால் பேட்டில் உள்ள பிசின் ஆவியாகி, டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் இடையே வழுக்கும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் கார் போய்க்கொண்டே இருக்கும். இதைத்தான் ‘பிரேக் ஃபேட்’ என்கிறார்கள். ரேஸ் பேட் உருவானதே இதைச் சமாளிக்கத்தான்.

(கார் என்றதும் ஓர் உபரித் தகவல். சிதம்பரத்தில் நடராஜர் தேர் ஓடும் நான்கு வீதிகளையும் ஆங்கிலத்தில் ‘கார் ஸ்ட்ரீட்’ என்றுதான் எழுதுவார்கள். அந்தக் காருக்கு பிரேக், சக்கரத்துக்கு அடியில் சொருகும் முட்டுக்கட்டை. மரம் சக்கரத்தில் உரசித்தான் தேர் நிற்கும், திரும்பும். அடிப்படைத் தத்துவம் இன்றைய பேட்டுக்கும் அதுவேதான்.)

குளிரில் கடிக்காத பேட்

முழு ரேஸ் பேட் நன்றாகப் பிடிக்க டிஸ்க் 200, 300 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அது பிரச்சினையே இல்லை. 3.7 கி.மீ. சுற்றில் ஒரு நிமிஷத்துக்குள் பல தடவை பிரேக்கை முழுசாக அழுத்த வேண்டியிருக்கும், டிஸ்க் ஆறவே நேரமிருக்காது.

கடலூர் - சிதம்பரம் சாலையை நினைத்துப் பாருங்கள். சுமார் 45 கி.மீ. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் நேர் ரோட்டில் பத்து நிமிஷம் பிரேக்கையே தொடாமல் போகலாம். கடற்காற்றில் டிஸ்க் ஜில்லென்று ஆறியிருக்கும். அந்த நேரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று இண்டிகேட்டர் போடாமல் திரும்பும். அல்லது ரோட்டிலேயே உளுந்து காயப் போட்டிருப்பார்கள். நீங்கள் முதல் முறையாக, முழு பலத்தோடு அடிக்கும் பிரேக் அது. ரேஸ் பேட் மிக மோசமாக வேலை செய்வதும் அந்த முதல் பிரேக்கில்தான். பேட் பிடிக்க அரை விநாடி தாமதமானால் 100 கி.மீ. வேகத்தில் கார் 14 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். மூன்று கார் நீளம்.

அப்போ எது சரி? தினசரி ஆபீஸ், வார இறுதியில் ஈசிஆர் என்று ஓட்டுபவருக்கு கார் கம்பெனி பேட் அல்லது அதே தரத்திலுள்ள செராமிக் பேட் போதும். தூசி குறைவு, சத்தம் குறைவு, ஆறிய நிலையிலும் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் வேகமாக, ஏற்காடு, கொல்லிமலை வளைவுகளில் ஓட்டுபவர் செமி மெட்டாலிக் பேட் பார்க்கலாம். சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். பதிலுக்கு அலாய் வீல் கறுக்கும், டிஸ்க் கொஞ்சம் சீக்கிரம் தேயும், சில நேரம் கீச்சிடும். நடுவில் ‘ஃபாஸ்ட் ரோட்’ என்ற பெயரில் ஒரு ரகம் இருக்கிறது. ரோட்டுக்கும் எப்போதாவது ஒரு டிராக் டேவுக்கும் சேர்த்துச் செய்தது. என்னைக் கேட்டால், ஆசைக்கு அதுவே எல்லை. ரேஸ் பேட்தான் வேண்டும் என்றால் அதை டிக்கியில் எடுத்துப் போய், டிராக்கில் மாட்டி, திரும்பும்போது கழற்றிவிட்டு வாருங்கள். அப்படிச் செய்பவர்கள் உண்டு.

நிஜமாகவே போர்ஷே மாதிரி கார், அதிலும் கார்பன் செராமிக் டிஸ்க் இருக்கிறது என்றால் (போர்ஷேயில் மஞ்சள் கேலிப்பரை வைத்துக் கண்டுபிடிக்கலாம்) மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அந்த டிஸ்க்குக்கென்றே செய்த பேட் மட்டும்தான். சாதாரண பேட் போட்டால் டிஸ்க்கே கெடும். அதன் விலைக்கு இங்கே ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாம்.

பேட் ஓரத்தில் இரண்டு எழுத்து

பல பேட்களின் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். அதன் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கவனியுங்கள். ‘எஃப் எஃப்’, ‘ஜி எஃப்’, ‘ஜி ஜி’ என்று இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையில் பேட்டின் உராய்வு, இரண்டாவது நன்றாகச் சூடான பிறகு உராய்வு. ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55.

‘எஃப் ஈ’ என்று இருந்தால்? சூடானதும் பிடி குறையும் பேட். வேகமான காருக்கு அது வேண்டாம். இரண்டு எழுத்தும் ஒன்றாக இருப்பது நல்லது. அதற்காக ‘ஜி’ எப்போதும் ‘எஃப்’பை விட உசத்தி என்றும் இல்லை. முன் சக்கரத்துக்கு மட்டும் அதிகப் பிடியுள்ள பேட் போட்டு, பின்னால் பழைய பேடோ டிரம்மோ இருந்தால் கம்பெனி அமைத்த முன்-பின் சமநிலை மாறிவிடும். இந்த எழுத்துகள் தரச் சான்றும் கிடையாது, உராய்வு அளவு மட்டுமே.

தரத்துக்கு வேறு அடையாளம் உண்டு. வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் ‘90ஆர்’ என்று தொடங்கும் எண்ணும் பேட்டின் இரும்புத் தகட்டில் இருந்தால், அது ஐரோப்பிய விதிப்படி சோதித்த மாற்று பேட். அதன் செயல்திறன் ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும் பேட்டில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் தள்ளி வைத்துவிடுங்கள்.

நல்ல பேட்டுக்கு வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், அம்பத்தூரில் ரானேயும் பல பத்தாண்டுகளாக இதே தொழிலில் இருக்கின்றன. ரானேவுக்கு கடலூருக்குப் பக்கத்துப் புதுச்சேரியிலேயே ஆலை உண்டு.

உப்புக் காற்றும் வெள்ளமும்

தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வாரம் காரை எடுக்காமல் நிறுத்திப் பாருங்கள். டிஸ்க் முழுக்க செந்துரு. முதல் நாலைந்து பிரேக்கில் அது போய்விடும், பயமில்லை. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: பேட்டின் தகடு துருப்பிடித்தால் உராய்வுப் பொருள் பெயர்ந்து வரலாம், கேலிப்பர் நகரும் பின் இறுகினால் ஒரு பக்க பேட் மட்டும் தேயும். கடலோர ஊர்க்காரர்களுக்கு துத்தநாகப் பூச்சுள்ள தகடு வைத்த பேட் நல்லது. பேட் மாற்றும்போது அந்த பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் போடச் சொல்லுங்கள். ‘‘அதெல்லாம் வேணாம் சார், நல்லாத்தான் இருக்கு’’ என்றால் வேறு கடை பாருங்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை புரண்டபோது கடலூரில் தெருத்தெருவாகத் தண்ணீர். அந்த மாதிரி தண்ணீரில் ஓடிய காரின் பிரேக்கை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. சேறு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் எமரி பேப்பர் மாதிரி வேலை செய்யும்.

இன்னொன்று, நாம் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவம். ஈரத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சும். புது டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். அது கொதித்துக் குமிழி வந்துவிட்டால் பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி தரைவரை போகும். அப்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேடும் உதவாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 மட்டும் சிலிகான் வகை, அதை மற்றதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 அப்படியல்ல.

மாட்டிய பிறகு

பேட் 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இடது, வலது இரண்டுக்கும் சேர்த்துத்தான். டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுத்துப் பயனில்லை, புது டிஸ்க்தான். மெக்கானிக் ஏர் அடித்து பிரேக் தூசியை ஊதினால் தடுத்து நிறுத்துங்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே இருக்கிறது; அந்தத் தூசி அவருடைய நுரையீரலுக்கும் ஆகாது, உங்களுடையதுக்கும் ஆகாது.

கடையை விட்டுக் கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிறகு கூட்டமில்லாத ரோட்டில், விடியற்காலையில், 60-லிருந்து 20 வரை மிதமாக வேகத்தைக் குறையுங்கள். முழுசாக நிறுத்தாமல் இப்படி எட்டு, பத்து தடவை. அப்புறம் பிரேக் தொடாமல் பத்து நிமிஷம் ஓட்டி ஆறவிடுங்கள். பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும், அதற்குத்தான் இது. பேட் பெட்டியிலேயே கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள். முதல் 300 கி.மீ. வரை நிதானம்.