வலைப்பூ சோறு போடுமா?

நுழையும்முன்

பத்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் தமிழ் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு வினா எழுவதுண்டு. “தமிழில் எழுதிப் பிழைக்க முடியுமா?” என்பதே அது. வினவுபவர் பெரும்பாலும் கட்டுரை நன்றாக எழுதும் மாணவராகவோ மாணவியாகவோ இருப்பார். அவர் அதனை விளையாட்டாகக் கேட்பதில்லை. உங்கள் பெற்றோர் வேலைக்காக ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்கள். பிழைப்பு என்னும் சொல்லின் எடை உங்கள் வீட்டாருக்கு நன்கு தெரியும். ஆகவே, இவ்வினாவிற்கு ஊக்கமூட்டும் நல்வாக்கை மட்டும் விடையாகத் தருவது முறையாகாது; கணக்கையும் காட்ட வேண்டும். எழுத்தின் பல வடிவங்களுள் உங்கள் தலைமுறைக்கு மிக எளிதில் கைக்கெட்டுவது வலைப்பூ. அதனை எடுத்துக்கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

வலைப்பூவின் தோற்றம்

ஒருவர் தாம் எழுதியவற்றை நாள் வரிசைப்படி, புதியது மேலே தோன்றுமாறு இணையத்தில் வெளியிட்டு வரும் பக்கமே வலைப்பூ. இதனை வலைப்பதிவு என்றும் கூறுவர். 1997-ஆம் ஆண்டில் ஜார்ன் பார்கர் என்னும் அமெரிக்கர் இத்தகைய பக்கத்திற்கு ‘வெப்லாக்’ என்று பெயரிட்டார். அச்சொல்லே பின்னர் ‘பிளாக்’ எனச் சுருங்கியது. 1999-இல் ‘பிளாகர்’ என்னும் சேவை தொடங்கியது. கணினி மொழி அறியாதவரும் கட்டணமின்றி எழுதி வெளியிடும் நிலையை இத்தகைய சேவைகள் உண்டாக்கின. பிளாகரை 2003-இல் கூகுள் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டில், பிறருடைய இணையப் பக்கங்களில் விளம்பரம் இட்டு வருவாயைப் பங்கிட்டுத் தரும் ‘ஆட்சென்ஸ்’ என்னும் திட்டத்தையும் அந்நிறுவனம் தொடங்கியது. வலைப்பூவால் பொருள் ஈட்டலாம் என்னும் பேச்சு பரவியதற்கு இத்திட்டம் பெருங்காரணமாயிற்று.

பணம் வரும் வழி

செருப்பு விற்கும் நிறுவனம் ஒன்று விளம்பரம் செய்ய விரும்புகிறது எனக் கொள்வோம். நாட்டில் உள்ள வலைப்பூக்கள் எவை, அவற்றை எவர் படிக்கிறார் என்பதை அந்நிறுவனம் அறியாது. எனவே, கூகுள் போன்ற இடைத்தரகரிடம் பணத்தைக் கட்டுகிறது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும் அந்த நொடிக்குள், அப்பக்கத்தில் உள்ள வெற்றிடத்திற்காகப் பல விளம்பரதாரர்களுக்கிடையே கணினி வழியே ஏலம் நடைபெறுகிறது. ஏலத்தில் வென்ற விளம்பரம் உங்கள் கண்முன் தோன்றுகிறது. பக்கங்களில் இடப்படும் விளம்பரங்களுக்கு விளம்பரதாரர் தரும் தொகையில் நூற்றுக்கு 68 பங்கு எழுதுபவருக்கு அளிக்கப்படுவதாக 2010-இல் கூகுள் அறிவித்தது. நாம் கண்ணிமைக்கும் பொழுதிற்குள் இத்தனை வாணிகமும் முடிந்துவிடுவது வியப்பிற்குரியதே.

ஏலத்தொகை எல்லாப் பக்கங்களுக்கும் ஒன்றாக இராது. படிப்பவர் எந்நாட்டில் இருக்கிறார், எப்பொருளைப் பற்றிப் படிக்கிறார், எம்மொழியில் படிக்கிறார் என்பனவற்றைப் பொறுத்து அது மாறும். வீட்டுக் கடன், காப்பீடு போன்றவற்றை விளக்கும் பக்கத்திற்கு விளம்பரதாரர் மிகுதியாகத் தருவர். ஏனெனில், அங்கே வருபவர் பெருந்தொகையைச் செலவிடும் எண்ணத்தோடு வருகிறார். கவிதையைப் படிக்க வருபவரிடம் எதை விற்பது? விளம்பரதாரருக்குப் புலப்படுவதில்லை. ஆகவே கவிதைப் பக்கத்தின் ஏலம் சில்லறைக் காசிலேயே நின்றுவிடும்.

இத்திட்டத்தில் சில கட்டுப்பாடுகளும் உண்டு. கணக்குத் தொடங்குபவர் 18 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். அவ்வயதை எட்டாதவர் பெற்றோரின் கணக்கு வழியாகவே விண்ணப்பிக்க இயலும். வருவாய் 10 டாலரை எட்டியதும், முகவரியைச் சரிபார்ப்பதற்காக ஓர் எண்ணை அஞ்சலில் அனுப்புவர். (பணியிட மாற்றம் அடிக்கடி வரும் குடும்பத்தினர் இதனைக் கவனிக்க வேண்டும். எண்ணைத் தாங்கிய கடிதம் பழைய குடியிருப்பிற்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.) மொத்த வருவாய் 100 டாலர் ஆன பிறகே பணம் வங்கிக்கு வரும். தம் பக்கத்து விளம்பரத்தைத் தாமே சொடுக்குவதும், நண்பர்களைச் சொடுக்கச் சொல்வதும் விதிமீறலாகும். அவ்வாறு செய்தால் கணக்கையே முடக்கிவிடுவர்.

ஒரு கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். கீழே உள்ளவை கணக்கிற்காக நாமே எடுத்துக்கொண்ட எண்கள். இவை கூடவும் குறையவும் செய்யும்.

ஒரு தமிழ் வலைப்பூவில் 1000 பக்கப் பார்வைகளுக்கு 50 ரூபாய் கிடைக்கிறது என்க. நகரத்தில் வாடகை வீட்டில் வாழும் சிறு குடும்பத்திற்கு மாதம் 30,000 ரூபாய் தேவை என்க. அவ்வாறாயின், மாதந்தோறும் 6,00,000 பார்வைகள் வேண்டும். அதாவது நாள் ஒன்றுக்கு 20,000 பார்வைகள்; ஒரு மாதம் மட்டுமன்று, எல்லா மாதங்களிலும் வேண்டும். காய்ச்சலில் கிடந்தாலும், வீட்டில் திருமணம் நடந்தாலும் அவ்வெண்ணிக்கை குறையலாகாது.

புதிதாகத் தொடங்கிய வலைப்பூ ஒன்றிற்கு நாளொன்றுக்கு 200 பார்வைகள் கிடைத்தாலே அது பாராட்டத்தக்கது. அதன்படி மாதம் 6,000 பார்வைகள் கிடைக்கும். வருவாய் 300 ரூபாய். ஒரு டாலர் 85 ரூபாய் எனக் கொண்டால், 100 டாலருக்கு 8,500 ரூபாய் ஆகிறது. அத்தொகை சேர 28 மாதங்களுக்கு மேல் ஆகும். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கும் மாணவியின் முதல் வருவாய், அவர் பதினொன்றாம் வகுப்பில் பயிலும்பொழுதுதான் கைக்கு வரும். அதற்குள் அவர் வீட்டில் இணையத்திற்குக் கட்டிய பணம் எவ்வளவு என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இக்கணக்கில் மறைந்து நிற்கும் மற்றொன்றையும் காண வேண்டும். தில்லியில் புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பம் ஒன்றிற்கு எவையெல்லாம் தேவை? பள்ளியில் சேர்க்க எந்தெந்தச் சான்றிதழ்கள் வேண்டும், குடும்ப அட்டையை மாற்றுவது எப்படி, மருத்துவமனையில் இந்தியில் என்ன சொல்ல வேண்டும் என்பனவற்றை விளக்கித் தமிழில் ஒருவர் எழுதினால், அது எத்துணைப் பயனுடையதாக இருக்கும்! ஆனால், அதனைப் படிப்போர் சில ஆயிரம் பேரே இருப்பர். படித்துப் பயனடைந்தவர் மீண்டும் அப்பக்கத்திற்கு வரவேண்டிய தேவையும் இராது. திரைப்பட நடிகரைப் பற்றிய வதந்தி ஒன்றை ஒரே நாளில் ஓர் இலட்சம் பேர் படிக்கக்கூடும். விளம்பரம் தலைகளை எண்ணிப் பணம் தருகிறதேயன்றித் தேவையை எடைபோட்டுத் தருவதில்லை. வலைப்பூவை மட்டும் நம்பி வாழ முயல்பவர், நாளடைவில் எழுத விரும்பியதை விட்டு, எண்ணிக்கை தருவதை எழுதத் தள்ளப்படுவது இதனால்தான்.

தமிழுக்குக் கதவு திறந்த ஆண்டு

2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ் வலைப்பூக்கள் பெருகத் தொடங்கின. அதற்குமுன் தமிழ் எழுத்துருக்கள் பல வகையாகச் சிதறிக் கிடந்தன. ஒருவர் தட்டச்சு செய்தது மற்றொருவர் கணினியில் கட்டங்களாகவும் புள்ளிகளாகவும் தோன்றும். ஒருங்குறி பரவியதும் அவ்விடர் நீங்கியது. பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் ‘தமிழ்மணம்’ 2004-இல் உருவாயிற்று. பெங்களூரிலும் மும்பையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்த தமிழர் பலர், பகலில் அலுவலகப் பணியை முடித்து, இரவில் தமிழில் எழுதினர். ஊர் நினைவு, சமையல், அறிவியல், அரசியல், கணினிக் குறிப்பு என அவர்கள் தொடாத துறை இல்லை.

இவர்களுள் எவரும் தம் தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் வழியாக முறைப்படி வருவாய் பெற அக்காலத்தில் வழியில்லை. அத்திட்டத்தில் ஏற்கப்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழ் இடம்பெறவில்லை. இந்தி 2014-இல் சேர்க்கப்பட்டது. தமிழ் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில்தான் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் தமிழ் வலைப்பதிவர் காசு கருதாமல் எழுதினர் என்பது இதனால் விளங்கும். கதவு திறந்தபொழுது, படிப்போர் பலர் முகநூலுக்கும் காணொளிக்கும் பெயர்ந்திருந்தனர். சந்தை கலைந்தபின் கடை போட இடம் கிடைத்தது போன்ற நிலை அது. வருந்தத்தக்கதுதான், எனினும், அப்பதினைந்து ஆண்டுகளில்தான் இணையத்தமிழ் வளமுற்றது என்றே இவ்வாசிரியர் கருதுகிறார்.

வாழ்ந்து காட்டியவர்கள்

வலைப்பூவையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர் ஒருவரும் இலரோ எனக் கேட்கலாம். உள்ளனர். அமித் அகர்வால் என்பவர் ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் பயின்றவர். வேலையை விட்டு, ஆக்ரா நகரில் இருந்துகொண்டே 2004-இல் தொழில்நுட்ப வலைப்பூ ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் வலைப்பூவை முழுநேரத் தொழிலாக மேற்கொண்ட முன்னோடி என அவரைக் குறிப்பிடுவர். இங்கு மூன்றனைக் கருத வேண்டும். அவர் எழுதியது ஆங்கிலத்தில். எனவே உலகெங்கும் இருந்து படிக்க வந்தனர். எழுதிய பொருள் கணினி. அதனை அவர் முறையாகக் கற்றிருந்தார். மேலும், அவர் எழுத்தோடு நிற்கவில்லை. மின்னஞ்சல்களைத் தொகுத்து அனுப்புவது போன்ற பணிகளுக்கு உதவும் மென்பொருள் கருவிகளையும் உருவாக்கி அளித்து வருகிறார்.

நொய்டாவில் வாழும் நிஷா மதுலிகா 2007-இல் சமையல் குறிப்புகளை இந்தியில் வலைப்பூவாக எழுதத் தொடங்கினார். 2011-இல் யூடியூபில் காணொளி வெளியிடலானார். நாடறிந்தவராக அவரை ஆக்கியது காணொளியே.

தமிழில் எழுத்தாளர் ஜெயமோகன் ‘வெண்முரசு’ என்னும் நெடும்படைப்பை 2014 முதல் 2020 வரை தம் இணையதளத்தில் நாள்தோறும் வெளியிட்டார். அது 26 நாவல்களாக விரிந்தது. படிப்பவர் கட்டணம் ஏதும் செலுத்த வேண்டியதில்லை. அவர் தொலைபேசித் துறையில் பணியாற்றியவர். திரைப்படங்களுக்குக் கதை, வசனம் எழுதுபவர். ஆக, இணையத்தில் எழுதுவது ஓரிடத்திலும், வருவாய் வருவது வேறிடத்திலும் அமைவதை இங்கும் காண்கிறோம்.

பிறர் கையில் உள்ள சாவி

வலைப்பூவிற்கு வாசகர் பெரும்பாலும் தேடுபொறி வழியாகவே வருகின்றனர். தேடுபொறியோ எழுதுபவரின் கட்டுப்பாட்டில் இல்லை. 2011-இல் கூகுள் ‘பாண்டா’ என்னும் மாற்றத்தைச் செய்து, தரம் குறைந்தவை எனக் கருதிய தளங்களைத் தேடல் முடிவுகளில் பின்னுக்குத் தள்ளியது. பல தளங்களின் வருகை திடீரெனச் சரிந்தது. அண்மையில் வேறொரு மாற்றம் நேர்ந்துள்ளது. 2024 முதல் இந்தியாவிலும், தேடியதற்கான விடையைச் செயற்கை நுண்ணறிவே தொகுத்துத் தேடல் பக்கத்தின் தலைப்பிலேயே தருகிறது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால், மூலப்பக்கத்திற்குள் நுழைய வேண்டிய தேவை பலருக்கு இருப்பதில்லை. நுழையாவிடில் பார்வை இல்லை. பார்வை இல்லாவிடில் விளம்பரமும் இல்லை. வாடகைக் கடையில் வாணிகம் செய்பவருக்கு வாடகைச் சீட்டேனும் உண்டு. இங்கு அதுவும் இல்லை.

‘வலைப்பூவால் மாதம் இலட்சம் ஈட்டுவது எப்படி?’ என்று கட்டணம் வாங்கிக் கற்பிப்போரை நீங்கள் காண்பீர்கள். அவர்களது வருவாய் வலைப்பூவிலிருந்து வருகிறதா, உங்கள் கட்டணத்திலிருந்து வருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

மற்றொரு வாயில்

ஆகவே, பள்ளிப் படிப்பையோ கையில் உள்ள வேலையையோ விட்டுவிட்டு வலைப்பூவை மட்டும் நம்புவது தக்கதன்று. ஆயினும் எழுதுவதையே கைவிடுக என்று இவ்வாசிரியர் கூற மாட்டார். உங்களிடம் ஓர் அரிய கருவி உள்ளது. வீட்டில் தமிழ், வெளியில் இந்தியோ மராத்தியோ குசராத்தியோ, வகுப்பில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே நாள்தோறும் நடந்து பழகியவர்கள் நீங்கள். சொந்த ஊரிலேயே வளரும் உங்கள் உறவினர் பிள்ளைகள் பலருக்கு இப்பழக்கம் வாய்ப்பதில்லை.

இப்பழக்கத்திற்கு விலை உண்டு. மொழிபெயர்ப்பிற்குச் சொல் கணக்கில் கூலி தருகின்றனர். திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் துணை உரை எழுதுவோர், செயலிகளைத் தமிழில் அமைத்துத் தருவோர், மெய்ப்புத் திருத்துவோர் ஆகியோருக்கும் ஊதியம் உண்டு. மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் இயங்கி வருகிறது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் அறிவுநூல்களைப் பெயர்ப்பது அதன் பணி. இத்தகைய பணிகளைத் தருபவர், “நீங்கள் எழுதியது ஏதேனும் காட்டுங்கள்” என்றே முதலில் கேட்பர். அப்பொழுது, பிழையின்றித் தொடர்ந்து எழுதப்பட்ட வலைப்பூ ஒன்று சான்றாக நிற்கும். தில்லியில் குடியேறும் தமிழ்க் குடும்பத்திற்காக எழுதிய அந்தப் பக்கம் விளம்பரத்தில் பத்து ரூபாய் கூட ஈட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால், இந்தி அலுவலகச் சொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களை அதனை எழுதியவர் அறிவார் என்பதை வேலை தருபவர் அப்பக்கத்திலேயே படித்துக்கொள்வார்.

பயிற்சி

1. 1000 பார்வைகளுக்கு 25 ரூபாய் கிடைத்தால், மாதம் 30,000 ரூபாய் ஈட்ட எத்தனை பார்வைகள் வேண்டும்? நாளொன்றுக்கு எத்தனை?

2. கவிதைப் பக்கத்திற்கும் வீட்டுக் கடன் பக்கத்திற்கும் விளம்பரத் தொகை வேறுபடுவது ஏன்? உங்கள் சொற்களில் எழுதுக.

3. “விளம்பரம் தலைகளை எண்ணிப் பணம் தருகிறதேயன்றித் தேவையை எடைபோட்டுத் தருவதில்லை.” இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கலந்து பேசிய பின் விடை எழுதுக.

4. நீங்கள் வாழும் நகருக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பத்திற்கு உதவும் செய்தி ஒன்றை 100 சொற்களில் வலைப்பூப் பதிவாக எழுதுக. அந்நகர மொழிச் சொற்கள் ஐந்தினைத் தமிழ் எழுத்தில் தந்து பொருள் கூறுக.