காற்று மாசும் ஒவ்வாமையும்

கடலும் வாவியும் சூழ்ந்த நிலத்திலே காற்றுத் தூயதாகவே இருக்கும் என்பது பொதுவான எண்ணம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்வோர் அவ்வாறு எண்ணுதல் இயல்பே. பெருநகரங்களோடு ஒப்பிடின் அது பெரும்பாலும் உண்மையுமாகும். ஆயினும் வேளாண்மை வெட்டுக் காலத்திலே தும்மலும் கண்ணரிப்பும் இழுப்பும் தலைகாட்டுவதேன் என்னும் வினாவுக்கு அவ்வெண்ணம் விடை தராது.

ஒவ்வாமை என்பது நஞ்சினால் விளையும் நோயன்று. பிறர்க்குத் தீங்கு செய்யாத பொருளொன்றை ஒருவரது உடல் பகையெனக் கொண்டு மிகையாக எதிர்த்தலே அதுவாம். வியன்னா நகர மருத்துவர் கிளெமன்ஸ் வொன் பிர்கே 1906ஆம் ஆண்டில் இதற்கு 'அலர்ஜி' எனப் பெயரிட்டார். மகரந்தம், பூஞ்சண வித்து, தூசிச் சிற்றுண்ணியின் கழிவு முதலியன ஒவ்வாமையை எழுப்புவன. புகையோ அவ்வகையினதன்று, அது மூக்கினதும் மூச்சுக்குழாயினதும் மென்தோலை அரித்துப் புண்படுத்துவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே பல மயக்கங்கள் நேர்கின்றன.

எனின், இரண்டற்கும் தொடர்பு யாது? புகையால் நைந்த மென்தோல் வழியே மகரந்தப் புரதம் எளிதில் உட்புகும். அன்றியும், டீசல் புகையின் நுண்துகள் உடலின் எதிர்ப்பையே தூண்டி வளர்க்கும் இயல்பினது. 1986இல் யப்பானிய ஆய்வாளர், முட்டைப் புரதத்தை டீசல் துகளோடு சேர்த்து எலிகளுக்குச் செலுத்தியபோது, புரதத்தை மட்டும் பெற்றவற்றைவிட அவற்றின் குருதியில் ஒவ்வாமைக்குரிய எதிர்ப்பொருள் மிகுதியாகத் தோன்றக் கண்டனர்.

எனினும் எல்லா மாசும் ஒருதன்மையதன்று. செருமனி 1990இல் ஒன்றிணைந்தபின் இருபகுதிச் சிறாரையும் ஒப்பிட்டோர், நிலக்கரிப் புகை மண்டிய லைப்சிக் நகரில் மார்ச்சளியும் இருமலும் மிகுந்திருக்க, மியூனிக் நகரிலேயே ஒவ்வாமை மிகுந்திருக்கக் கண்டு வியந்தனர். வாழ்க்கை முறையின் பங்கும் அதில் உண்டு. புகை மிக்க இடமெல்லாம் ஒவ்வாமையும் மிகும் என்று கூறுதல் பொருந்தாது.

இனி வாவிப் பிரதேசத்தை நோக்குவோம். படுவான்கரை வயல்களிற் பெரும்போக அறுவடை நிகழும் மாசி, பங்குனியில், வெட்டு இயந்திரம் எழுப்பும் தூசியிலே பதரும் நெற்சுணையும் பூஞ்சண வித்தும் கலந்திருக்கும். அடுத்து வைக்கோல் எரிக்கப்படும் இடங்களிற் புகையும் சேரும். ஒவ்வாப் பொருளும் அதனைக் கூர்மையாக்கும் பொருளும் ஒரே மூச்சில் உட்செல்லும் நிலை இது. 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலைக்கு இவ்வைக்கோல் மூலப்பொருளாக இருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. சிறுபோக காலத்திலோ வறண்ட கச்சான் காற்று உள்நாட்டுப் புழுதியைக் கரைநோக்கி வாரிவரும்.

கடல்மேல் வரும் வாடையும் எப்பொழுதும் தூயதன்று. 2022 மார்கழியில் வங்கக் கடலில் மாண்டஸ் புயல் எழுந்தபோது, இந்தியப் பெருநிலத்தின் மாசுற்ற காற்று இலங்கைமேற் படர்ந்தது. அம்மாதம் 9ஆம் நாள் நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதித்த ஆண்டுச் சராசரி எல்லை கனமீற்றருக்கு 5 மைக்கிரோகிராம். இலங்கையின் நியமமோ 25.

எனவே இழுப்புடைய பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுசெல்லும் பெற்றோர், நோய் எம்மாதத்தில் மிகுகின்றது, அப்போது வீசும் காற்று யாது, அயலில் வைக்கோலோ குப்பையோ எரிக்கப்பட்டதா, வீட்டடுப்பின் புகை எத்தகையது என்பவற்றைக் குறித்துச் செல்லுதல் நன்று. புகையால் மட்டும் நேர்ந்த இருமல் புகை நீங்கப் பெரும்பாலும் தணியும். ஒவ்வாமையோ புகை நீங்கிய பின்னும் சிறிதளவு தூசிக்கே மீண்டும் எழும். இரண்டிற்கும் மருத்துவம் வேறு.