சுங்குடிப் புள்ளிக்குள்ளே ஒரு வட்டாரம்



எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் சுங்குடிச் சேலைகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். நம் குழுக்களிலும் பலர் மொத்தமாக வாங்கி வந்து விற்கிறோம். "இது எந்த ஊர்ச் சேலைம்மா? இந்தப் புள்ளி எப்படி வந்துச்சு?" என்று வாங்க வந்தவர் கேட்டால், நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்கள்தான் சுங்குடிக்குத் தாய்வீடு. மகால் 1636-ல் கட்டப்பட்டது. அந்தப் பகுதியில் சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பூர்வீகம் குஜராத் பக்கம். அங்கிருந்து தெற்கே நகர்ந்து வந்து, நாயக்கர் ஆதரவில் மதுரையில் குடியேறினார்கள். நெசவும் சாயமும்தான் அவர்கள் கையோடு கொண்டுவந்த சொத்து. வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, வாசலுக்கு வந்தால் அசல் மதுரைத் தமிழ்! நம்ம பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் இந்தச் சமூகத்தில் பிறந்தவர்தான்.

குஜராத்தில் பாந்தினி என்ற முடிச்சுச் சாயத் துணி உண்டு. சுங்குடியும் அந்த வகையே. ஆனால் மதுரை வெயிலுக்கு ஏற்ற பருத்தியில், நம்ம பெண்கள் கட்டுகிற சேலையாக வந்ததுதான் சுங்குடி.

முடிச்சுப் போடுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. துணியில் ஒரு துளி இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இறுக்கிச் சுற்றி முடிய வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சு. சமையல், பிள்ளைகள், தண்ணீர் பிடிப்பது என்று எல்லாவற்றுக்கும் நடுவே உட்கார்ந்து போடுவார்கள். நாள் கணக்கில் ஆகும். பிறகு சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சை அவிழ்த்தால், நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி பூத்திருக்கும். முதலில் மஞ்சள் தோய்த்து, அப்புறம் முடிந்து, சிவப்பில் முக்கினால் சிவப்பில் மஞ்சள் புள்ளி.

இன்று கடையில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பாலானவை இப்படி வந்தவை அல்ல. உருக்கிய மெழுகை அச்சுக்கட்டையால் பதித்துச் சாயம் ஏற்றுகிறார்கள். சிலர் வெறும் பிரிண்ட் போடுகிறார்கள். அதையும் குறை சொல்ல முடியாது. அதிலும் பல குடும்பம் பிழைக்கிறது. இருநூறு, முந்நூறு முடிச்சுக்கே கை வலிக்கும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பிரிண்ட் சேலையை "கையால முடிஞ்சது" என்று சொல்லி விற்பது, நாள்கணக்கில் முடிச்சுப் போட்ட பெண்ணின் கூலியில் கைவைப்பதுதான். அந்த விலைக்கு அவளால் ஈடுகொடுக்கவே முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? முடிச்சுப் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, கொஞ்சம் கோணல். புள்ளிக்கு நடுவே சாயம் லேசாக ஒட்டியிருப்பதும் உண்டு. புதுச் சேலையைத் தடவினால் புள்ளி இருக்கும் இடம் சுருங்கி மேலெழும்பித் தெரியும். அச்சுப் புள்ளிகள் அளவெடுத்ததுபோல் ஒரே மாதிரி இருக்கும். பிரிண்ட் என்றால் பின்பக்கம் நிறம் மங்கிப்போகும். மெழுகு அச்சில் இந்தப் பின்பக்கச் சோதனை பலிக்காது. புள்ளியின் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் தயாரித்த துணியை 'மதுரைச் சுங்குடி' என்று விற்கக் கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது. ஆகவே தையல் குழுக்கள் சுங்குடித் துணி வாங்கி சுடிதார், குர்தி தைத்து விற்கும்போது, துணி எங்கே வாங்கினோம், முடிச்சா அச்சா என்று பில்லைப் பார்த்து, கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு சிறிய அட்டையில் "மதுரை மகால் பகுதி. பெண்கள் கையால் முடிச்சுப் போட்டது" என்றோ, "மெழுகு அச்சு" என்றோ உள்ளதை எழுதித் துணியோடு கட்டித் தொங்கவிடுங்கள். கல்லூரிச் சந்தையில் பெண் பிள்ளைகள் அதை எடுத்துப் படித்துவிட்டுத்தான் விலையே கேட்பார்கள்.