சும்மா நின்றதற்கு வழக்கா?

கொஸ்லந்தைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற பையனிடம், "ஏன் இங்க நிக்கிற?" என்று அதிகாரத் தொனியில் யாராவது கேட்டால் முதலில் அவனுக்கு வாய் அடைத்துப்போகும். சிங்களத்தில் கேட்டால் இன்னும் சிரமம். வழக்கு என்று வந்துவிட்டால் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "எதுக்கு வம்பு, ஒத்துக்கிட்டு தண்டத்தைக் கட்டிட்டு வந்துரு." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் மீரியபெத்தயிலும் சுற்றுத் தோட்டங்களிலும் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிடக் கெடுதலான ஆலோசனை இல்லை. இந்த விளக்கங்கள் அதற்காகவே.

பொது இடத்தில் சும்மா நிற்பது குற்றமா?

இல்லை. நாட்டுக்குள் நடமாடும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பிரசைகள் எல்லோருக்கும் தருகிறது. பிறகு எதை வைத்து வழக்குப் போடுகிறார்கள்? பெரும்பாலும் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தை வைத்து. கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் வெள்ளைக்காரர் எழுதிய சட்டம் அது. வேலையில் இல்லாத ஆள் தெருவில் தென்பட்டாலே சந்தேகப்படும் மனநிலை அதன் வரிக்கு வரி தெரியும்.

அப்படிப்பட்ட சட்டமும்கூட நிற்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அதன் 3ஆம் பிரிவைக் கவனியுங்கள். அலைந்து திரிய வேண்டும், அல்லது அனுமதியின்றி அடுத்தவர் திண்ணையிலோ கொட்டகையிலோ ஆளில்லாத கட்டடத்திலோ தங்க வேண்டும். அதோடு, கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு வழி இல்லாதவராகவும் இருக்க வேண்டும். தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் கொடுக்க முடியாதவராகவும் இருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தால்தான் குற்றம். 14 நாள் வரை சிறை என்றும் அந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது.

இப்போது நம் பிள்ளையைப் பாருங்கள். தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பேர் இருக்கிறது. சம்பளத் துண்டில் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடித்த கணக்கு இருக்கிறது. கொழும்பில் கடையில் வேலை செய்பவர் என்றால் முதலாளியின் கடிதம் போதும். பிழைப்பு வழி இல்லாதவர் என்று அவரை எப்படிச் சொல்வது? பஸ்ஸுக்கு நிற்கிறேன், மருந்து வாங்க வந்தேன் என்பதெல்லாம் திருப்தியான விளக்கமே. அடையாள அட்டையோடு சம்பளத் துண்டின் பிரதி ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்டாரவளை டவுனில் மாநகர சபை ஆள் துண்டு எழுதினால் அங்கேயே காசு கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டாம். வாகனக் குற்றங்களுக்குப் பொலிஸார் துண்டு எழுதி, அதைத் தபாலகத்தில் கட்டும் முறை உண்டு. அதைப் பார்த்துப் பழகியதால் எல்லாத் துண்டும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். மாநகர சபையோ பிரதேச சபையோ ஒரு துணைவிதியை மீறினீர்கள் என்று சொன்னால், அதை நீதவான் நீதிமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும். அந்தத் துணைவிதியும் சபையில் நிறைவேறி, அமைச்சரின் அனுமதி பெற்று, வர்த்தமானியில் வெளிவந்திருக்க வேண்டும். எந்தத் துணைவிதி, எந்தப் பிரிவு, எந்த வர்த்தமானி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சபையின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவைச் சொல்ல வேண்டும். ஒரு சபையின் துணைவிதி அதன் எல்லைக்குள் மட்டுமே செல்லும். பண்டாரவளைச் சபையின் விதியைக் கொண்டுவந்து ஹல்துமுல்லைப் பிரதேச சபைப் பகுதியில் வழக்குப் போட முடியாது.

நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

முடியும். ஒரு தவணையோடு போய்விடும், நாள் சம்பளமும் அதிகம் போகாது என்பது நியாயமான எண்ணம்தான். வழக்குக்குப் போகிற ஒவ்வொரு நாளும் சம்பளமில்லாத நாள் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் "குற்றவாளி" என்று உங்கள் வாயால் சொன்ன கணமே நீங்கள் தீர்ப்புப் பெற்றவர். மேன்முறையீட்டுக்கான கதவும் பெரும்பாலும் சாத்தப்பட்டுவிடும். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் போகப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது இந்தப் பழைய தண்டம் குறுக்கே நிற்கலாம்.

"சுற்றவாளி" என்று சொன்னால் நிலைமை வேறு. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு வழக்குப் போட்டவர் தலையில் விழுகிறது. எந்த இடம், எத்தனை மணி, நீங்கள் என்ன விளக்கம் சொன்னீர்கள், பிழைப்பு இல்லாதவர் என்று எதை வைத்து முடிவெடுத்தார் என்று அவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் பஸ் டிக்கெட், கடை ரசீது, கூட நின்ற ஒருவர் இருந்தால் வழக்கு தளர்ந்துவிடும். தீர்ப்பு எதிராக வந்தாலும் 14 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்தை நாடலாம்.

பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனால்?

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை அதைக் கட்டாயமாக்குகிறது. சாதாரணச் சட்டத்தின்கீழ் 24 மணி நேரத்துக்கு மேல் நீதவானிடம் கொண்டுபோகாமல் வைத்திருக்க முடியாது. உங்களுக்காகச் சட்டத்தரணி ஒருவர் நிலையத்துக்கே வரலாம்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதியிருந்தால்?

வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஹல்துமுல்லை, ஹப்புத்தளை, பண்டாரவளை, பசறை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகளில் தமிழும் நிர்வாக மொழி என்று 1999 நவம்பரில் வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. "தமிழில் எழுதுங்கள், இல்லையென்றால் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்புக் கேட்கலாம்.

இப்படிப்பட்ட சட்டங்களை வேறெங்காவது எதிர்த்து வென்றிருக்கிறார்களா?

வென்றிருக்கிறார்கள். சிக்காகோ நகரசபை 1992இல், குற்றக் கும்பல் ஆள் என்று சந்தேகிக்கப்படுபவரோடு காரணமின்றிக் கூடி நிற்போரைக் கலைந்து போகச் சொல்லவும் போகாதவர்களைக் கைது செய்யவும் பொலிஸுக்கு அதிகாரம் கொடுத்தது. மூன்று ஆண்டுகளில் 40,000க்கு மேற்பட்ட கைதுகள். எது குற்றம் என்று சாதாரண மனிதனுக்கு விளங்காத அளவுக்குத் தெளிவற்றது என்று கூறி, 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்துச் செய்தது. இங்கிலாந்தில் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் சந்தேகப் பிரிவைக் கறுப்பின இளைஞர்கள் மீது பொலிஸார் பாய்ச்சிவந்தனர். 1981இல் அந்தப் பிரிவும் நீக்கப்பட்டது.

ஒக்டோபர் 29இல் மீரியபெத்த மண்சரிவு நடந்த இடத்தில் போய் நிற்கலாமா?

2014இல் அந்த மண்ணுக்குள் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் விளக்கேற்றப் போவதை அலைந்து திரிதல் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. ஆனால் மழைநாளில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும்போது விலகச் சொன்னால் உடனே விலகுங்கள்.

நியாயமில்லாமல் பிடித்தார்கள், அடித்தார்கள் என்றால் எங்கே போவது?

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததை வைத்தியரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடுங்கள். ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 1996. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுப் பிரதியையும் அதன் இலக்கத்தையும் வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.