பட்டியலில் குரங்கு, பட்டியலுக்கு வெளியே வண்டு

மும்பை போரிவலியில் 104 சதுர கிலோமீட்டருக்குப் பரந்துள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில், நடு உச்சியில் வகிடெடுத்துக் குல்லாய் வைத்ததுபோல் மயிர் படிந்த நாட்டுக்குரங்கைப் பார்க்கலாம். இதையும் நாம் தீப்பெட்டியில் வேல இலை போட்டு வளர்த்த பொன்வண்டையும் அறிவியல் ஒரே விலங்குலகத்தில்தான் வைக்கிறது. அடுத்த படியிலேயே வழி பிரிகிறது. குரங்கு முதுகுநாணி, பாலூட்டி, பிரைமேட் வரிசை. வண்டு கணுக்காலி, பூச்சி, கோலியாப்டிரா வரிசை; பறக்கும் சிறகை மூடிக் காக்கும் கெட்டியான உறைச்சிறகால் வந்த பெயர் அது. இரண்டும் 'வரிசை' என்ற ஒரே படிநிலைதான். ஆனால் முதலாவதில் சுமார் 500 இனங்கள். இரண்டாவதில் பெயரிடப்பட்டவை மட்டுமே ஏறத்தாழ 4 லட்சம்.

பாதுகாப்பு நிலையை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறோம். 2008-இல் கவலை குறைந்த இனமாக இருந்த நாட்டுக்குரங்கை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் 2020-இல் அழிய வாய்ப்புள்ள இனமாக அறிவித்தது. கோயிலிலும் சாலையிலும் கூட்டமாகத் திரிவது எப்படி அழியும் என்று கேட்கலாம். தீபகற்ப இந்தியாவுக்கு வெளியே அதற்கு வேறு வீடில்லை. வடக்கிலிருந்து செம்முகக் குரங்கு நாட்டுக்குரங்கின் எல்லையைத் தள்ளிக்கொண்டே வருகிறது. மைசூரைச் சுற்றிய சாலையோர மரங்கள் வெட்டப்பட்டபோது அங்கிருந்த கூட்டங்கள் சுருங்கியதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் எண்ணியே கண்டார்கள். எண்ணியதால்தான் சரிவு தெரிந்தது. வண்டுகளை யார் எண்ணினார்கள்? நூற்றில் ஓர் இனம்கூட மதிப்பிடப்படவில்லை. மதிப்பிடப்படாததைப் பாதுகாப்பானது என்று படிப்பது பெரும் பிழை.

குரங்கு ஒரு முறைக்கு ஒரு குட்டிதான் ஈனும், வண்டோ முட்டைகளைக் கொட்டித் தள்ளும், ஆகவே குரங்குக்கே முன்னுரிமை என்பார்கள். பாதி உண்மை. முட்டை எத்தனை இருந்தாலும் புழு வளர இடம் வேண்டுமே! பொன்வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்வது. சிமெண்ட் பூசிய தரையில் அதற்கு வாழ்வில்லை. மின்மினியும் வண்டுதான், அதன் புழுவுக்கு ஈரச்சருகும் நத்தையும் வேண்டும், இரவுக்கு இருட்டும் வேண்டும். தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டைக் காட்டி எல்லா வண்டும் தொல்லைப் பூச்சி என்பது, ஒரு திருடனுக்காக ஊரையே சிறையில் அடைப்பது.

குரங்குக் கூட்டத்துக்கு மரங்கள் நிறைந்த பரந்த இடம் வேண்டும். வண்டுக்குச் சிறு துண்டு நிலமும் உதவும். அதே மும்பையில், தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில் குப்பைக்கிடங்காக இருந்த 37 ஏக்கர் 1994-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குரங்குக் கூட்டத்துக்கு அது போதாது. வண்டுகளுக்குப் போதும், உதிர்ந்த இலையையும் மக்கிய கட்டையையும் கூட்டி அள்ளாமல் விட்டால்.